ரிச்சி ஸ்ட்ரீட் 830 மீட்டர்: வோல்ட்டை அது அளக்கட்டும், ஓமும் வாட்டும் கணக்கில் வரட்டும்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடை முன்னால் நின்று "சாதா மீட்டர் ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்டாலும் கைக்கு வருவது இந்த 830தான், வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மல்டிமீட்டர். மஞ்சள் அல்லது கறுப்பு உடம்பு, நடுவில் பெரிய திருகு, மேலே மூன்றரை இலக்கத் திரை (1999 வரை காட்டுவது), அளக்கும் இடத்தில் வைக்க ஒயரோடு கூடிய சிவப்பும் கறுப்புமாக இரண்டு புரோப். பெட்டியில் டிடி-830டி என்றோ 830பி என்றோ 830எல் என்றோ போட்டிருக்கும். பல தொழிற்சாலைகள் ஒரே வரைபடத்தை வைத்துச் செய்கிற மீட்டர் என்பதால் அந்தக் கடைசி எழுத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பஸ்ஸர் (இணைப்பு இருந்தால் பீப் என்று ஒலிப்பது) வேண்டுமென்றால் திருகின் மேல் ஒலிக்குறி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். விலை கடைக்குக் கடை மாறும். நல்ல மீட்டரோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசுதான்.

வாங்கலாமா? வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. இந்த மீட்டரின் டிசி வோல்ட் பகுதி விலைக்கு மீறிய தரம். ஆம்பியர் பகுதி சுமார், சிறிய ஓம்களில் நம்பகம் இல்லை, வீட்டு 230 வோல்ட்டில் பாதுகாப்பு போதாது. ஆகவே வோல்ட்டை மட்டும் இதில் அளந்துகொண்டு கரன்ட், ரெசிஸ்டன்ஸ், பவர் மூன்றையும் கணக்குப் போட்டு எடுக்கிறவருக்கு இது அருமையான கருவி. திருகைத் திருப்பினால் எல்லாம் தானாகத் தெரியும் என்று எதிர்பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

அதற்குக் கூடவே வாங்க வேண்டிய ஒரு பொருள் உண்டு: 0.1 ஓம், 5 வாட், 1 சதவீத ரெசிஸ்டர். அதே தெருவில் உதிரிபாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 5 சதவீதம், அதை எடுக்காதீர்கள். அலுமினிய உறை போட்டதானாலும் சரி, மேலே 1 சதவீதம் என்று அச்சிட்டதுதான் வேண்டும். காரணம் கீழே வருகிறது.

முதலில் மீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். இதன் மூளை உண்மையில் 200 மில்லிவோல்ட் அளக்கிற ஒரே ஒரு டிசி வோல்ட்மீட்டர்தான். அதிகபட்சம் 1999 வரை எண்ணும், அதற்கு மேல் போனால் இடது ஓரத்தில் வெறும் 1 நிற்கும். 20 வோல்ட், 200 வோல்ட் என்ற மற்ற ரேஞ்சுகள் எல்லாம் உள்ளே வரும் வோல்ட்டைப் பங்கு போட்டுக் குறைக்கும் ரெசிஸ்டர் வரிசை. ஆம்பியர் ரேஞ்சில் உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கரன்ட்டை ஓட விட்டு, அதன் மேல் விழும் வோல்ட்டை அளக்கிறது. 10 ஆம்பியர் துளைக்குப் பின்னால் இருப்பது 0.01 ஓம் மதிப்புள்ள, வளைத்து வைத்த தடித்த கம்பி ஒன்று. கரன்ட் என்று திரையில் தெரிவதும் கணக்கு போட்ட வோல்ட்தான். அந்தக் கணக்கை மலிவான கம்பியை நம்பிச் செய்வதைவிட, மதிப்பு தெரிந்த ரெசிஸ்டரை வைத்து நாமே செய்தால் துல்லியம் கூடும்.

கையேட்டில் உள்ள எண்களைப் பார்த்தாலே இது புரியும். டிசி வோல்ட்டுக்குப் பிழை 0.5 சதவீதமும், அதோடு திரையின் கடைசி இலக்கத்தில் 2 கூடவோ குறையவோ இருக்கலாம். 10 ஆம்பியருக்குச் சில கையேடுகளில் 2 சதவீதம், சிலவற்றில் 3 சதவீதம், அதோடு 2 இலக்கம். ஏசி வோல்ட்டுக்கு 1.2 சதவீதமும் 10 இலக்கமும். ஏசி ஆம்பியர் கிடையவே கிடையாது. இந்த ஒன்றைக் கவனிக்காமல் வீட்டு ஃபேன் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பதற்காக இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர்.

கடையிலேயே செய்ய வேண்டிய சோதனை சில நிமிட வேலை. பேட்டரி போட்டுத் தரச் சொல்லுங்கள். திருகை 200 ஓமில் வைத்து இரண்டு புரோப் முனைகளையும் அழுத்திச் சேர்த்துப் பிடியுங்கள். 0.3 முதல் 0.8 வரை காட்டினால் சரி. 1 ஓமைத் தாண்டினாலோ எண் நிற்காமல் குதித்தாலோ வேறு எடுக்கச் சொல்லுங்கள். சேர்த்துப் பிடித்தபடியே, ஒயர் புரோப்புக்குள் நுழையும் இடத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். இந்த மீட்டர்களில் முதலில் அறுந்துபோவது அந்த இடம்தான். அப்புறம் ஒரு புதிய பென்டார்ச் செல்லை 2000 மில்லிவோல்ட் ரேஞ்சில் இரண்டு மீட்டர்களால் மாறி மாறி அளந்து பாருங்கள். இரண்டும் 10, 15 மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது மீட்டரைக் கேளுங்கள், எது தவறு என்று தெரிந்துவிடும். கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போனால் கடைக்காரரும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தருவார். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

இனிக் கணக்கு. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். கரன்ட் தெரியாமல் ஓம் தெரிந்தால், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தாலும் வாட் வரும். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி ஓமால் பெருக்கினாலும் அதே விடைதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். எந்த வோல்ட்டை, எங்கே அளந்து, எந்த நேரத்தில் வகுப்பது என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ வண்டி உதிரிபாகக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 21 வாட் பல்பு இதைக் காட்ட நல்ல பொருள். யுபிஎஸ்-இல் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று, அதன் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று, அடுத்து 0.1 ஓம் ரெசிஸ்டர், அடுத்து பல்பு, பல்பிலிருந்து பேட்டரி மைனஸ். எல்லாம் ஒரே வரிசையில். பியூஸ் கட்டாயம். சின்ன பேட்டரிதானே என்று விட்டால், ஷார்ட் ஆகும்போது ஒயரைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

பல்பு எரியும்போது பல்பின் முனைகளிலேயே வோல்ட்டை அளக்க வேண்டும், பேட்டரி முனையில் இல்லை. 20 வோல்ட் ரேஞ்சில் 12.20 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து 200 மில்லிவோல்ட் ரேஞ்சுக்கு மாற்றி 0.1 ஓம் ரெசிஸ்டரின் உடம்பை ஒட்டி இரண்டு பக்கமும் புரோப்பை வையுங்கள். 177.0 காட்டினால் கரன்ட் 1.77 ஆம்பியர். மில்லிவோல்ட்டை 100-ஆல் வகுத்தால் நேராக ஆம்பியர் வந்துவிடும், அந்த வசதிக்காகவே 0.1 ஓம். உடம்பை ஒட்டி என்பது முக்கியம். ரெசிஸ்டரின் கால், முறுக்கிய இணைப்பு, முதலைக் கிளிப் எல்லாவற்றுக்கும் சேர்த்து சில மில்லிஓம் இருக்கும். 100 மில்லிஓம் பொருளில் 5 மில்லிஓம் கூடினால் விடை 5 சதவீதம் போய்விடும்.

12.20-ஐ 1.77-ஆல் வகுத்தால் 6.89 ஓம். பெருக்கினால் 21.6 வாட். பல்பின் மேல் எழுதியிருப்பதோடு ஒத்துப்போகிறது.

இப்போது பல்பை அணைத்துக் கழற்றி, ஆற விட்டு, 200 ஓம் ரேஞ்சில் நேராக அளந்து பாருங்கள். புரோப் ஒயரின் மதிப்பைக் கழித்தால் அரை ஓமுக்கு அக்கம்பக்கம் நிற்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 12 வோல்ட்டில் 24 ஆம்பியர், 288 வாட் என்று வரும். மீட்டர் பொய் சொல்லவில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2000 டிகிரிக்கு மேல் காய்ந்து, அதன் ரெசிஸ்டன்ஸ் பத்துப் பன்னிரண்டு மடங்கு ஏறிவிடுகிறது. ஆறிய நிலையில் அளந்த ஓம், ஸ்விட்சைப் போட்ட முதல் சில மில்லிசெகண்டுக்கு மட்டும் உண்மை. பழைய குண்டு பல்பு ஸ்விட்ச் போடும் நொடியில் பட்டென்று போவதற்கும் அந்த முதல் பாய்ச்சல்தான் காரணம். வேலை செய்துகொண்டிருக்கும் பொருளின் ரெசிஸ்டன்ஸ் வேண்டுமென்றால், அது வேலை செய்யும்போதே வோல்ட்டும் ஆம்பியரும் அளந்து வகுப்பதுதான் ஒரே வழி.

எத்தனை இலக்கம் எழுதலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கால்குலேட்டர் 21.594 என்று காட்டும். மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் அளந்திருந்தால் கரன்ட்டில் பிழை 3 சதவீதமும் 2 இலக்கமும், அதாவது 0.07 ஆம்பியர், 4 சதவீதத்துக்கு மேல். வோல்ட்டின் பிழையையும் கூட்டினால் கிட்டத்தட்ட 5 சதவீதம். விடை 20.6-க்கும் 22.6-க்கும் நடுவில் எங்கேயோ. 0.1 ஓம் ரெசிஸ்டர் வழியில் ரெசிஸ்டருக்கு 1, மில்லிவோல்ட்டுக்கு 0.6, வோல்ட்டுக்கு 0.7 என்று கூட்டினால் 2.3 சதவீதம்தான். அதே மீட்டர், பாதிப் பிழை. 10 ஆம்பியர் துளையைத் தொடாமலே வேலை முடிந்தது என்பது கூடுதல் லாபம்.

அந்தத் துளையைப் பற்றி. பெரும்பாலான 830 மீட்டர்களில் அதற்குப் பியூஸ் கிடையாது, பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். 10 ஆம்பியரில் 10 செகண்டுக்கு மேல் விடக் கூடாது என்றும் கையேட்டில் இருக்கும். கரன்ட் அளந்துவிட்டு சிவப்புப் புரோப்பை அங்கேயே மறந்து, அடுத்து ஒரு பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கப் போனால் 0.01 ஓம் கம்பியால் பேட்டரியை ஷார்ட் செய்கிறோம். லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி என்றால் புரோப் முனை உருகித் தெறிக்கும். 230 வோல்ட் பிளக்கில் அதே தவறு நடந்தால் கையில் பிடித்திருக்கும் மெல்லிய புரோப் ஒயர் வெடிக்கும். எம்சிபி (மெயின் பெட்டியில் தானாக விழும் ஸ்விட்ச்) விழும், ஆனால் விழுவதற்குள் கை வெந்திருக்கும். 1000 வோல்ட் என்று புரோப்பின் மேல் எழுதியிருப்பதை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

இந்த மீட்டரை வைத்து வீட்டுக்காரரும் எலக்ட்ரீஷியனும் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, புதிதாக வாங்கிய ஒயர் சுருளைச் சோதிப்பது. வீடு கட்டுகிறவர்களுக்கு ஒயர் பெரிய செலவு. 1.5 சதுர மில்லிமீட்டர் என்று எழுதிவிட்டு உள்ளே செம்பைக் குறைத்திருந்தால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ரெசிஸ்டன்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். பல இழை செம்புக் கடத்திக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு இத்தனை ஓமுக்கு மேல் போகக் கூடாது என்று தரவரையறை இருக்கிறது: 1 சதுர மில்லிமீட்டருக்கு 19.5, 1.5-க்கு 13.3, 2.5-க்கு 7.98, 4-க்கு 4.95. 90 மீட்டர் சுருளுக்கு இதை 0.09-ஆல் பெருக்கினால் 1.5 சதுர மில்லிமீட்டர் சுருள் 1.197 ஓமுக்குள் இருக்க வேண்டும், 2.5 என்றால் 0.718.

இதை 200 ஓம் ரேஞ்சில் நேராக அளந்தால் பயனில்லை. புரோப்பே அரை ஓம் காட்டுகிறது, கடைசி இலக்கம் 0.1 ஓம். 1.2-ஐ 1.3-லிருந்து பிரித்துச் சொல்ல இந்த ரேஞ்சால் முடியாது. மேலே சொன்ன அதே வரிசையில் பல்புக்குப் பக்கத்தில் ஒயர் சுருளையும் சேர்த்துவிடுங்கள்: பேட்டரி, பியூஸ், 0.1 ஓம், சுருள், பல்பு. பல்பு இங்கே கரன்ட்டைக் கட்டுப்படுத்த மட்டும். சுருளின் இரண்டு முனைகளிலும் 2 சென்டிமீட்டர் தோலைச் சீவி, இணைப்பு போட்ட இடத்துக்கு உள்பக்கமாக, செம்பின் மேலேயே புரோப்பை வைத்து வோல்ட் பாருங்கள். இணைப்பில் விழும் வோல்ட் இதில் கலக்கக் கூடாது.

சுருளில் 2.02 வோல்ட், 0.1 ஓமில் 162.0 மில்லிவோல்ட் என்றால் கரன்ட் 1.62 ஆம்பியர், சுருளின் ரெசிஸ்டன்ஸ் 1.247 ஓம். 1.197-ஐத் தாண்டிவிட்டதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். வரையறை 20 டிகிரிக்கு. சென்னையில் ஒயர் 20 டிகிரியில் இருக்கும் நாள் மார்கழி விடியலில்கூட அரிது. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.393 சதவீதம் ஏறும். அறை 33 டிகிரி என்றால் 13 டிகிரிக்கு 5.1 சதவீதம். 1.247-ஐ 1.051-ஆல் வகுத்தால் 1.19 ஓம். சுருள் தேறிவிட்டது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் கிடந்த சுருளை உடனே அளக்காதீர்கள், உள் அடுக்கின் சூடு தணிய நேரமாகும். இரவு முழுக்க நிழலில் இருக்கட்டும்.

நம் அளவின் பிழை 3 சதவீதம் வரை போகும் என்பதால் 1.20, 1.22 என்று வருவதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. திருத்திய பிறகும் 1.35, 1.4 என்று வந்தால் செம்பு குறைவு அல்லது நீளம் அதிகம். யாரும் 100 மீட்டர் போட்டு 90 என்று விற்க மாட்டார்கள். அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசிய ஒயராக இருந்தால் சுமார் ஒன்றரை மடங்கு, 1.8 பக்கம் நிற்கும். அதை வீட்டில் போடக் கூடாது. சுவிட்ச் திருகின் கீழ் நசுங்கித் தளர்ந்து சூடாகும் ஒயர் அது. அளந்து முடிந்ததும் முதலில் மீட்டர் புரோப்பை எடுத்துவிட்டு, பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். சுருட்டி வைத்த ஒயர் காயிலாகவே வேலை செய்யும், கரன்ட்டைச் சட்டென்று அறுக்கும்போது வோல்ட் எகிறி மீட்டருக்குள் போகும்.

பெரிய ரெசிஸ்டன்ஸ் பக்கம் வந்தால் பிரச்சினை தலைகீழாகிறது. இந்த மீட்டர் வோல்ட் அளக்கும்போது தானே 1 மெகாஓம் ரெசிஸ்டராக இணைகிறது. நல்ல மீட்டர்களில் இது 10 மெகாஓம். 12 வோல்ட்டில் இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டரை வரிசையாகப் போட்டால் நடுவில் 6 வோல்ட் இருக்க வேண்டும், இதில் 4 தெரியும். சர்க்கியூட் கெட்டுப்போனதோ என்று தேடிக்கொண்டிருப்பார்கள். 100 கிலோஓமுக்கு மேல் போகிற இடங்களில் இந்த மீட்டரின் வோல்ட்டை வைத்து வகுக்கவே வேண்டாம். பொருளைச் சர்க்கியூட்டிலிருந்து கழற்றி ஓம் ரேஞ்சிலேயே பாருங்கள், அங்கே அது நன்றாகவே அளக்கிறது.

200 மில்லிஆம்பியர் ரேஞ்சும் சர்க்கியூட்டில் குறுக்கிடும். உள்ளே 1 ஓம், அதோடு பியூஸின் ரெசிஸ்டன்ஸ், புரோப் ஒயர். 150 மில்லிஆம்பியர் ஓடினால் கால் வோல்ட்டோ அதற்கு மேலோ மீட்டரிலேயே போய்விடும். 12 வோல்ட் சர்க்கியூட்டில் இது பெரிதில்லை. 3.3 வோல்ட்டில் ஓடும் போர்டு மீட்டர் போட்டவுடன் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், எடுத்தால் சரியாக ஓடும். அங்கும் 0.1 ஓம் ரெசிஸ்டர்தான் மருந்து: 150 மில்லிஆம்பியருக்கு 15.0 மில்லிவோல்ட் மட்டுமே விழும். கரன்ட் 20 மில்லிஆம்பியருக்குக் கீழே போனால் 0.1-க்குப் பதில் 1 ஓம் போடுங்கள். மில்லிவோல்ட்டே மில்லிஆம்பியர்.

எல்இடிக்கு ரெசிஸ்டர் தேர்ந்தெடுப்பதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. 12 வோல்ட்டில் ஒரு வெள்ளை எல்இடி, 20 மில்லிஆம்பியர். 12-ஐ 0.02-ஆல் வகுத்து 600 ஓம் என்பார்கள். ரெசிஸ்டரின் மேல் விழுவது 12 அல்ல, எல்இடியின் 3 வோல்ட் போக 9. 450 ஓம், கடையில் கிடைப்பது 470. பவர் 9 பெருக்கல் 9 வகுத்தல் 470, அதாவது 0.17 வாட். கால் வாட் ரெசிஸ்டர் போதும் என்று தோன்றும். வண்டியில் போட்டால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி 14.4 வோல்ட்டுக்கு ஏறும். ரெசிஸ்டர் மேல் 11.4 வோல்ட், பவர் 0.28 வாட். கால் வாட் தாண்டிவிட்டது, அதுவும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள். அரை வாட் போடுங்கள்.

வீட்டு 230 வோல்ட்டுக்கு வருவோம். இங்கே இந்த மீட்டரைப் பிளக்கில் செருகாமலேயே வேண்டிய கணக்கு பெரும்பாலும் கிடைத்துவிடும். அயர்ன் பாக்ஸைப் பிளக்கிலிருந்து எடுத்து, சூட்டுத் திருகை நடுவில் வைத்து, பிளக்கின் இரண்டு சின்னப் பின்களுக்கு நடுவே ஓம் பாருங்கள். 1000 வாட் பெட்டி என்றால் 230 பெருக்கல் 230 வகுத்தல் 1000, 52.9 ஓம். 750 வாட் என்றால் 70.5. 2000 வாட் கீசர் 26.5. நிக்ரோம் கம்பி பல்பு இழையைப் போல மாறாது, ஆறிய அளவுக்கும் காய்ந்த அளவுக்கும் சில சதவீதம்தான் வித்தியாசம், அதனால் இங்கே நேராக அளந்த ஓம் செல்லுபடியாகும். இடது ஓரத்தில் 1 நின்றால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. அதே நிலையில் பெரிய எர்த் பின்னுக்கும் சின்னப் பின்னுக்கும் நடுவே 2000 கிலோஓம் ரேஞ்சில் ஓரத்து 1 தவிர ஏதாவது எண் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தொடவே கூடாது.

கோடையில் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் அதே 52.9 ஓம் பெட்டி 756 வாட்தான் தரும். வோல்ட் 13 சதவீதம் குறைய, சூடு 24 சதவீதம் குறைகிறது. கீசரில் தண்ணீர் காயவில்லை என்ற புகாருக்கும் இது காரணமாக இருக்கலாம், கீசர் கெட்டிருக்காது.

லோ வோல்டேஜ் என்று மின்வாரியத்தில் புகார் எழுத இந்த மீட்டர் போதுமா? போதாது. 750 வோல்ட் ஏசி ரேஞ்சில் பிழை 1.2 சதவீதமும் 10 இலக்கமும் என்றோமே, 230-க்கு அது 13 வோல்ட். 217 முதல் 243 வரை எதுவாகவும் இருக்கலாம். விதிப்படி வாரியம் தர வேண்டிய வரம்பே மேலும் கீழும் 6 சதவீதம், 216 முதல் 244. வரம்பு மீறியதா என்று கேட்கிற கேள்விக்கு வரம்பளவு பிழை உள்ள கருவி பதில் சொல்ல முடியாது. ஸ்கொயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டரின் வெளியீட்டை அளந்தாலும் தவறாகத்தான் காட்டும், சைன் அலைக்கு மட்டுமே அளவு சரி செய்யப்பட்ட மீட்டர் இது.

ஃபேன், ஃபிரிட்ஜ், எல்இடி பல்பு, டிவி, இன்டக்‌ஷன் ஸ்டவ் ஆகியவற்றுக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வராது, வோல்ட்ஆம்பியர்தான் வரும். பவர் ஃபேக்டரால் (வோல்ட்ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மையான வாட் என்ற விகிதம்) இன்னொரு முறை பெருக்க வேண்டும், அது பொருளுக்குப் பொருள் மாறும். ஃபேன் காயிலை ஓமில் அளந்து 230-ஐ அதனால் வகுப்பதும் வீண், ஏசியில் காயிலின் இன்டக்டன்ஸும் (கரன்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) சுழலும் மோட்டாரின் எதிர் வோல்ட்டும் சேர்ந்துதான் கரன்ட்டைத் தீர்மானிக்கின்றன. இவற்றுக்குப் பிளக்கில் செருகும் வாட் மீட்டர் வாங்குங்கள், வோல்ட், ஆம்பியர், வாட், பவர் ஃபேக்டர், யூனிட் எல்லாம் தனித்தனியாகக் காட்டும். நம் ஊர் உருண்டை மூன்று பின் சாக்கெட்டுக்கே செய்ததாக, 16 ஆம்பியர் வகையாகப் பார்த்து எடுங்கள். வெளிநாட்டுப் பின்னுக்கு அடாப்டர் மாட்டி கீசரை ஓட்டினால் அடாப்டர்தான் உருகும்.

காசே செலவில்லாத வழியும் ஒன்று உண்டு. இபி மீட்டரில் சிவப்பாகச் சிமிட்டும் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், 1600, 3200 என்பது போல. வீட்டில் மற்றதெல்லாம் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஓட விட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சில் நேரம் எடுங்கள். முதல் சிமிட்டலைப் பூஜ்யம் என்று எண்ணித் தொடங்க வேண்டும், ஒன்று என்று தொடங்கினால் விடை கூடிவிடும். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல், அதைச் சிமிட்டல் எண்ணால் வகுத்தால் ஒரு சிமிட்டலின் ஆற்றல், 3200-க்கு அது 1125 ஜூல். 10 சிமிட்டல் 15 செகண்டில் வந்தால் 11250 வகுத்தல் 15, 750 வாட். இது உண்மையான வாட், பவர் ஃபேக்டர் உள்ளேயே கணக்காகிவிட்டது. இந்த அளவுக்குத் துல்லியமான மீட்டரை வீட்டில் வேறு எங்கும் வைத்திருக்க மாட்டோம்.

இன்வெர்ட்டர் பேட்டரிப் பக்கம் கரன்ட் அளக்க 10 ஆம்பியர் துளையை நினைத்தே பார்க்காதீர்கள். 400 வாட் லோடுக்கு, இன்வெர்ட்டர் 80 சதவீதத் திறன் என்று வைத்தால், 12 வோல்ட்டில் 42 ஆம்பியர் ஓடும். 50 ஆம்பியர் 75 மில்லிவோல்ட் ஷன்ட் (பெரிய கரன்ட் அளப்பதற்கான, மதிப்பு தெரிந்த மிகச் சிறிய ரெசிஸ்டர்) ஒன்று வாங்கி மைனஸ் கேபிளில் போடுங்கள். அதன் மதிப்பு 1.5 மில்லிஓம். 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் 63.0 தெரிந்தால் 1.5-ஆல் வகுக்க, 42 ஆம்பியர். ஷன்ட்டில் நான்கு திருகு இருக்கும், பெரிய இரண்டும் கேபிளுக்கு, சின்ன இரண்டும் மீட்டருக்கு. மீட்டரைப் பெரிய திருகில் வைத்தால் கேபிள் முனையிலுள்ள லக்கின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து அளவு கூடிவிடும்.

ஒயரை வெளியிலிருந்தே கவ்விக் கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வாங்கலாமே என்றால் வாங்கலாம். ஆனால் விலை குறைந்தவை ஏசி மட்டும் அளக்கும், பேட்டரிக் கேபிளில் மாட்டினால் பூஜ்யம்தான். டிசி அளக்கும் கிளாம்ப் என்று கேட்டு, கடையிலேயே ஒரு பேட்டரி ஒயரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஏசியிலும் முழு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் போகும் கரன்ட்டும் திரும்பும் கரன்ட்டும் அடித்துக்கொண்டு பூஜ்யம் வரும், ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வ வேண்டும்.

830-க்கு வரும் நோய்கள் மூன்று. 9 வோல்ட் பேட்டரி தளர்ந்தால் எண்கள் மெல்ல மெல்லக் கூடுதலாகக் காட்டத் தொடங்கும். திரையில் பேட்டரி படம் வருவதற்கு முன்னாலேயே இது நடக்கலாம், சில மீட்டர்களில் அந்தப் படமே வராது. புதுச் செல் 1.75 வோல்ட் என்று காட்டினால் செல்லைப் பாராட்டாமல் மீட்டர் பேட்டரியை மாற்றுங்கள். அணைக்க மறந்தால் தானாக அணையும் வசதியும் இதில் இல்லை.

இரண்டாவது, மில்லிஆம்பியர் ரேஞ்சுகள் எல்லாம் பூஜ்யமாகவே நின்று வோல்ட் மட்டும் வேலை செய்தால் உள்ளே கண்ணாடிப் பியூஸ் போயிருக்கிறது. அதே மதிப்பில் மாற்ற வேண்டும். மேலே சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றி ஒப்பேற்றினால் அடுத்த தவறில் பலகையிலுள்ள தாமிரத் தடம் ஆவியாகும்.

மூன்றாவது, கடற்கரைப் பக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம் வீடுகளில் வைத்திருக்கும் மீட்டர்களுக்கு. உப்புக் காற்றில் திருகின் அடியிலுள்ள தடங்கள் மங்கி, திருகை லேசாக அசைத்தாலே எண் குதிக்கும். பின்புறத் திருகுகளைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் வட்டத் தடங்களைத் துடைத்து, காய்ந்த பிறகு மூடுங்கள். சுழலும் பகுதியைத் தூக்கும்போது அடியிலிருக்கும் சின்ன எஃகு குண்டுகளும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறந்தால் தேடும் வேலை மிச்சம். தேங்காய் எண்ணெயோ கிரீஸோ போடாதீர்கள், தூசி ஒட்டி நிலைமை மோசமாகும்.